பக்கத்தில் நிற்பவர் இன்னாசி

13 அக்டோபர் 2018, சனி. ஹட்டி

காலையில் மின்சாரம் போய்விட்டது. அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் இன்வெர்ட்டரில் கொஞ்ச நேரம்தான் ஓடும். மின்சாரம் வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் சோள ரொட்டி தட்டினேன். பாதி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். எப்படித் தூங்கினார், எவ்வளவு இருமினார் என்று டாக்டரிடம் சொல்வதற்காக எழுதத் தொடங்கிய நோட்டு இது. அம்மா போன பிறகு மற்ற விஷயங்களும் இதில் சேர்ந்துகொண்டன.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் ஜெயஸ்ரீ வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தாள். கோலார் தங்கவயலில் ஒரு மாதா கோவில் ஹாலில் பழைய குடும்பப் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்களாம். சுரங்கம் மூடி வருஷக்கணக்காகிறது, லைன் வீடுகளும் ஒவ்வொன்றாக விழுகின்றன, பெட்டியில் கிடக்கும் படங்களைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். “உங்க அப்பா ஊர்தானே வெரோனிக்கா மேடம்?” என்று ஜெயஸ்ரீ கேட்டிருந்தாள்.

அப்பா ஊர்தான். அங்கே சுரங்கத்துக்குள் வேலை செய்துவிட்டு, பிறகு இந்த ஹட்டித் தங்கச் சுரங்கத்தின் மில்லுக்கு வந்தவர். அம்மாவைப் பார்த்ததும் கல்யாணம் செய்ததும் இங்கேதான். அதற்கு முந்தைய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. வெள்ளத்தில் போய்விட்டது என்பார். அது வறண்ட ஊராயிற்றே, வெள்ளம் எப்படி வந்தது என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

அறிவிப்பை வாசித்துக் காட்டினேன்.

“அங்க நமக்கு யாரும் இல்ல பாப்பா.”

“சும்மா பாத்துட்டு வரேனேப்பா. லீவுதானே.”

“செத்த ஊரு அது. அங்க போயி இன்னாத்தப் பாக்கப் போற?”

மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். வயதானால் இப்படித்தான்.

15 அக்டோபர், திங்கள்

நாளை இரவு பஸ்ஸில் கிளம்புகிறேன். பெங்களூரில் நுரையீரல் டாக்டரிடம் ரிப்போர்ட் காட்டப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்யில்லை, ரிப்போர்ட்டையும் காட்டத்தான் போகிறேன். பக்கத்து வீட்டு நாகம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். பெட்டியிலிருந்து அப்பா அம்மா கல்யாணப் படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கண்காட்சியில் அப்பாவுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

17 அக்டோபர், புதன். தங்கவயல்

சலேத்து அத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை அடிக்க வேண்டும். அடிக்கக் கை வரவில்லை.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

காலையில் பெங்களூரிலிருந்து ரயில். எதிர்த்திசையில் வந்த ரயில் முழுக்க தங்கவயல்காரர்கள் வாசற்படி வரை தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். இறங்கியதும் தூரத்தில் சாம்பல் நிற மலை தெரிந்தது. மலை இல்லையாம், தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்ணாம். ஆட்டோக்காரர் அதை சைனைட் மேடு என்றார். பெரிய இரும்புக் கோபுரங்கள் ஓடாத சக்கரங்களோடு நின்றன. அப்பா நடந்த தெரு எதுவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை எழுதிவைக்க வேண்டும்.

ஹாலில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் பெயர் கேட்டாள். வெரோனிக்கா என்றேன். அப்பா பெயர் அருளப்பன், தாத்தா அந்தோணி, அப்பா அந்தக் காலத்திலேயே ஹட்டிக்குப் போய்விட்டார் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். “கொஞ்சம் இருங்கக்கா” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சற்று நேரத்தில் எழுபது வயதை ஒட்டிய ஒரு அம்மாள், செருப்பில்லாத கால், நைட்டிக்கு மேலே துண்டு, அப்படியே தெருவோடு ஓடி வந்தார். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அந்தோணி பேத்தியா நீ? சந்தியம்மா பேத்தியா? அருளப்பன் மகளா?”

பாட்டி பெயர் சந்தியம்மாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தலையாட்டினேன்.

“நான்தாம்மா உன் அத்தை. சலேத்து மேரி. அவன் கூடப் பொறந்தவ. ஒரே தங்கச்சி.”

அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த அம்மாள் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். ஹாலில் இருந்த எல்லாருமே அழுதார்கள். நானும் அழுதேன்.

“உயிரோட இருக்கானா?”

“இருக்காரு அத்தை. மூச்சுதான் கொஞ்சம்…”

“உயிரோட இருக்கான்!” என்று ஹாலைப் பார்த்துக் கத்தினார். “ஊட்ல யார் கிட்டயும் சொல்லாதே, சலேத்து, போயி எடம் புடிச்சிட்டுக் காகிதம் போடறேன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாம்மா. ஒரு காகிதம் வர்ல. எங்கம்மா சாகறவரைக்கும் அவனத் திட்டிக்கினே செத்துது. எங்கயோ கெடக்கான், கெடக்கான்னு நான்தான் சொல்லிக்கினே இருந்தேன்.”

என்னை இழுத்துக்கொண்டு சுவர் பக்கம் போனார். கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒரு ஸ்டூடியோ படத்தின் முன்னால் நிறுத்தினார். இரண்டு வாலிபர்கள் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை, பின்னால் ஓவியத்திரை. கீழே சீட்டு ஒட்டியிருந்தது: அருளப்பன், 1967. பக்கத்தில் நிற்பவர் இன்னாசி.

“பாத்தியா, உங்கப்பன் எப்படி இருந்தான்னு!”

அத்தையின் விரல் இடது பக்கம் நிற்பவர் மேல் இருந்தது. உருண்டை முகம், சுருட்டை முடி. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

வலது பக்கம் நிற்பவர் என் அப்பா.

மெலிந்த தாடை. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பு. இன்றைக்கும் அந்தப் புருவத்துக்குத்தான் நான் எண்ணெய் தடவிவிடுகிறேன். சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அத்தை மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

“இவரு யாரு?”

“அது இன்னாசி. ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி சுத்தும். பாவம், எங்கண்ணன் ஊர விட்டுப் போன ராத்திரியே இன்னாசி பூட்டாரு. ராக்பர்ஸ்ட். பாறை வெடிச்சி அஞ்சாறு பேரு. மூஞ்சே இல்ல. டோக்கன் நம்பர வெச்சிதான் யார் பொணம் யார்துன்னு குடுத்தாங்க. இதோ பாரு, இங்க கீது.”

அடுத்த படம் ஒரு சாவு வீடு. லைன் வீட்டு வாசலில், ஆணியடித்து மூடிய சவப்பெட்டி. பெட்டியின் மேலே கண்ணாடி போட்ட படம் ஒன்றைச் சாய்த்து வைத்து மாலை போட்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்குள் என் அப்பா. சுற்றிலும் ஆட்கள். நடுவில் ஒரு பெண் நிற்க முடியாமல் சரிகிறாள். யாரோ ஒருவர் இடுப்பில் ஓர் ஆண் குழந்தை, காமிராவைப் பார்த்துக்கொண்டு.

“அது மதலேன் அக்கா, இன்னாசி சம்சாரம். அந்தக் கொழந்த பாஸ்கல். இதோ, அக்காவத் தாங்கிப் புடிச்சிகினு நிக்குது பாரு ஒரு பொண்ணு, ரெட்ட சடை. அது நான்தான்.”

அந்தப் பெண்ணையும் அவள் காலடியில் இருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். பெட்டியின் மேல் படமாக இருக்கிறவர் நேற்று இரவு பஸ் ஏறும் முன் எனக்கு நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். அப்படியானால் பெட்டிக்குள் இருப்பது யார்? அத்தையின் அண்ணன் எங்கே?

அந்தக் கேள்வியை எனக்குள்ளேகூட முழுதாகக் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றேன்.

“அப்பன் போட்டோ ஏதாச்சும் எட்த்தாந்தியா கண்ணு? இப்ப எப்படி கீறான்னு பாக்கணும்.”

“இல்ல அத்தை. அவசரத்துல மறந்துட்டேன்.”

கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார். கருவாட்டுக் குழம்பு வைத்தார். இலையில் மறுபடி மறுபடி சோறு போட்டார். அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியாக, நான்கு வீடு தள்ளியிருக்கும் மதலேன் அம்மாள் கைத்தடியோடு வந்தார். வெள்ளைப் புடவை. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்.

“அருளப்பன் ஜாடையே இல்லியே சலேத்து.”

“அம்மா ஜாடையா இருக்கும்க்கா.”

“யாரோ மாதிரி இருக்கறா. சட்டுனு வர்ல.” கையை எடுக்காமலே சொன்னார். “நல்லா இரு தாயி. இவ அண்ணன் வருவான் வருவான்னு பைத்தியம் மாதிரி இருந்தா. என்னுதாவது செத்துட்டான்னு தெரிஞ்சிகினு அழுது தீத்துட்டேன். இவளுக்கு அதுகூட இல்ல.”

உள்ளே அத்தை காபி ஆற்றும் சத்தம் கேட்கிறது. எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

18 அக்டோபர், வியாழன்

பஸ். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டவில்லை.

19 அக்டோபர், வெள்ளி. ஹட்டி

விஜயதசமி. தெருவில் வண்டிகளுக்கெல்லாம் மாலை. அப்பாவுக்கு இட்லி, பருப்புப் பொடி. நகம் வெட்டிவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அதே மருந்துதான் என்றேன். இருமல் அதிகம்.

நான் சாதாரணமாகத்தான் இருக்கிறேன். சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

20 அக்டோபர், சனி

இன்று காலை கேட்டுவிட்டேன்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஹாலில் போனில் எடுத்திருந்த சவப்பெட்டிப் படத்தைப் பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்படியே படுத்துவிடுவாரோ என்று பயந்துபோனேன். படத்தின் மேல் விரலை வைத்தார். அதுவரை ஆடாத படம் நகர்ந்துவிட்டது. திரும்பக் கொண்டுவரத் தெரியாமல் தடவினார்.

“புள்ளயக் காட்டு.”

காட்டினேன்.

“சட்ட போடாம தூக்கி வெச்சிருக்காங்க. குளிர்ல.”

“நீங்க யாருப்பா?” என்று கேட்டேன். இந்தக் கேள்வியைப் பெற்ற தகப்பனிடம் கேட்கும் நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

விட்டு விட்டுத்தான் சொன்னார். நடுவில் இரண்டு முறை மூச்சுக்காக நிறுத்தினோம். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

“அதுக்கு முன்னாடி வருஷம் ஒரு தபா பாறை வெடிச்சி நானும் உள்ள மாட்டினேன். புருவத்துல பட்டது அப்பதான். பக்கத்துல இருந்தவன் கையப் புடிச்சிகினே இருந்தேன். வெளிச்சம் வந்தப்ப பாத்தா கை மட்டும்தான் இருக்குது. அதுக்கப்புறம் கீழ எறக்கற கேஜ்ல ஏறினாலே ஒடம்பு நடுங்கும். மூத்திரம் வந்துரும். யார் கிட்ட சொல்றது? ஆம்பள. லீவு போட்டு லீவு போட்டு, இன்னும் ஒரு நாள் வர்லன்னா வேலை போயிடும்னு ஆயிடுச்சி.

“அருளப்பனுக்கு இங்க மில்லுல வேல கெடச்சிருந்துது. அங்க கணக்கு முடிச்சிட்டான். அவங்கம்மா உடாதுன்னு யாருக்கும் சொல்லல. எனக்கு மட்டும்தான் தெரியும். காலைல ரயிலு. அன்னிக்கு நைட் ஷிப்டு எனக்கு. சுரங்கத்து ஷாஃப்ட் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். அவன்தான் சொன்னான், டேய், டோக்கன எங்கிட்ட குடு, இன்னிக்கு ஒரு ராத்திரி உன் பேர்ல நான் எறங்கறேன், காலைல நேரா ரயிலுக்குப் போயிடறேன்னு. தொப்பியும் லைட்டும் போட்டா எல்லா மூஞ்சும் ஒண்ணுதான். அவன் பையயும் காகிதத்தயும் எங்கிட்ட குடுத்துட்டு எறங்கினான். சிரிச்சிகினேதான் போனான்.”

“சத்தம் கேட்டப்ப எங்க இருந்தீங்க?”

“சைனைட் மேட்டுக்குப் பின்னால படுத்திருந்தேன். வீட்டுக்குப் போனா மதலேன் கேப்பாளே, ஏன் வேலைக்குப் போவலன்னு. பூமி ஆடிச்சி. சங்கு ஊதிச்சி. எனக்குத் தெரிஞ்சி போச்சி.”

“உடனே போய்ச் சொல்லியிருக்கலாமே!”

“சொல்லணும்னு வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்தேன். என் பேரச் சொல்லி அழுவறாங்க. பெட்டி போவுது. அதுல அவன் போறான். நான் இப்ப போயி நின்னா, அவன் எங்கன்னு கேப்பாங்க. நான் அனுப்பினேன், நான் பயந்துகினு அவன அனுப்பினேன்னு சொல்லணும். சலேத்து மூஞ்சப் பாத்துச் சொல்லணும். கால் வர்ல.”

“அதனால அவர் பேரையும் எடுத்துக்கிட்டீங்க.”

“பை எங்கிட்ட இருந்துது.”

பை எங்கிட்ட இருந்தது. இந்த ஒரு வரியைத்தான் சமையல் செய்யும்போதும் துணி காயப்போடும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் செத்தா அவளுக்குக் கம்பெனி ஏதாச்சும் குடுக்கும், ஆஸ்பத்திரில வேலை குடுக்கும்னு அப்புறம் சமாதானம் பண்ணிக்கினேன். அதெல்லாம் அப்புறம்தான் பாப்பா. அன்னிக்கு வெறும் பயம்.”

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், தெரியும் என்று. கல்யாணத்துக்கு முன்பா, பின்பா என்று கேட்கவில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் அப்பா நாள் முழுக்கப் பட்டினி கிடப்பார். அம்மாவும் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். தாத்தா பாட்டிக்காக என்று நினைத்திருந்தேன்.

22 அக்டோபர், திங்கள்

பள்ளி திறந்தது. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். வெரோனிக்கா அருளப்பன். ஜெயஸ்ரீ பின்னால் காத்திருந்தாள். “என்ன மேடம், பேர் மறந்துடுச்சா?” என்று சிரித்தாள்.

சலேத்து அத்தை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போன் செய்கிறார். அண்ணனிடம் கொடு, ஒரு வார்த்தை குரல் கேட்க வேண்டும் என்கிறார். தூங்குகிறார் என்றேன். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். தீபாவளிக்கு முன்னால் பார்க்க வருகிறாராம். அண்ணனுக்கு ஸ்வெட்டர் வாங்கிவிட்டாராம்.

25 அக்டோபர், வியாழன்

“நான் போனதுக்கப்புறம் சொல்லிக்கோ பாப்பா. ரொம்ப நாள் இல்ல.”

ஒரு வாரமாக என்னிடம் அவர் கேட்டது இது ஒன்றுதான். நான் ஆக்சிஜன் குழாயைக் கழுவி மாட்டினேன். அவர் சாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததும் எழுந்து போய்க் கஞ்சியில் அவருக்குப் பிடித்த மாதிரி வெல்லம் தட்டிப் போட்டேன்.

28 அக்டோபர், ஞாயிறு. தங்கவயல்

சொல்லிவிட்டேன்.

நான் கதவைத் தட்டியதும் அத்தை பின்னால் எட்டிப் பார்த்தார், அண்ணனைக் கூட்டிவந்திருக்கிறேனோ என்று. உட்காரச் சொல்லி, கைப்பையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பார்த்தார். சிரித்தார். “இன்னாம்மா இது, இன்னாசி மாதிரியே ஒருத்தன்.”

“அவர்தான் அத்தை.”

“இது அவரு கல்யாணப் படமில்லியே. மதலேன் அக்கா இல்லியே இது.”

“இது எங்கம்மா. அவர்தான் எங்கப்பா. உங்க அண்ணன் பேர்ல ஹட்டியில இருக்கறது அவர்தான்.”

புரிய வெகுநேரம் ஆயிற்று. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும், “அப்ப எங்கண்ணன் எங்க?” என்று கேட்டார். நான் சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. எழுந்து போய் ஸ்வெட்டரை எடுத்து வந்தார், எதற்கென்று தெரியாமல் அதை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

“அந்தப் பெட்டிப் பக்கத்துல நான் நின்னேன்,” என்றார். “கை வெச்சிகினு நின்னேன். அழல நான். அவளப் புடிச்சிக்கணுமேன்னு அழாம நின்னேன்.”

பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அழுகை அடங்கியதும் என்னை வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

“அப்ப அவன் எங்கள உட்டுட்டு ஓடல.”

“இல்ல.”

“காகிதம் போடறேன்னு சொன்னது பொய்யில்ல.”

“இல்ல அத்தை.”

“எங்கம்மா அவன ஓடுகாலின்னு சொல்லிக்கினே செத்துதே!” என்று சுவரில் கையால் அடித்தார். வளையல் உடைந்து கீறிவிட்டது. நான் கையைப் பிடித்தேன். உதறவில்லை. “அத்தைன்னு கூப்புடாத” என்றார். நான் துணி சுற்றி முடித்ததும், “வேற எப்படித்தான் கூப்புடுவ” என்றார்.

மதலேன் அம்மாளிடம் அத்தைதான் சொன்னார். நான் சொல்லக்கூடாதாம். அந்த வீட்டுக்குள் நாங்கள் போனபோது மகன் பாஸ்கலும் இருந்தார். பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர், ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பாராம். என் அப்பாவின் தாடை. என்னைவிட அவருக்குத்தான் அப்பாவின் ஜாடை அதிகம். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்று தெரியவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாஸ்கல் எழுந்து வெளியே போய்விட்டார். மதலேன் அம்மாள் கைத்தடியைத் தரையில் ஊன்றி ஊன்றி எடுத்தார். முதல் கேள்வி என்னிடம்தான்.

“இருமல் இருக்குதா?”

“இருக்குது.”

“அப்பவே இருந்துது.” அப்புறம், “அதான் உன் மூஞ்சி” என்றார்.

2 நவம்பர், வெள்ளி. ஹட்டி

கல்லறைத் திருநாள். அப்பா பட்டினி. நான் அவரை வற்புறுத்தவில்லை.

மாலையில் சலேத்து அத்தை போன் செய்தார். காலையில் மதலேன் அம்மாளும் அவரும் சேர்ந்தே கல்லறைக்குப் போனார்களாம். இத்தனை வருஷமும் அந்தக் குழியைப் புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தவர் மதலேன் அம்மாள்தான். சிலுவையில் இன்னாசி என்றே இன்னும் இருக்கிறது. மெழுகுவர்த்தியை அத்தை கையில் கொடுத்து, “உன் அண்ணனுக்கு நீயே கொளுத்து, நான் தள்ளி நிக்கறேன்” என்றாராம். அத்தை விடவில்லையாம். “எனக்குப் பதிலா நீ அழுதியேக்கா” என்று பக்கத்தில் இழுத்து நிற்கவைத்துக்கொண்டாராம்.

போனை வைக்கும் முன் என்னிடம் கேட்டார். “ஸ்கூல்ல, சர்டிபிகேட்ல எல்லாம் எங்கண்ணன் பேருதான கீது உனக்கு?”

“ஆமா அத்தை.”

“மாத்திடாத.”

4 நவம்பர், ஞாயிறு

மத்தியானம் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சொல்லாமல் வந்துவிட்டார்கள். பாஸ்கல் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு, காரில் சாய்ந்து நின்றுகொண்டார். மதலேன் அம்மாள் மட்டும் உள்ளே வந்தார்.

அப்பா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கைத்தடிச் சத்தம் கேட்டுத் திறந்தார். பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மெஷின் குழாயைப் பிடுங்கிக்கொள்ளப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதலேன் அம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“உன் பேரச் சொல்லு” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

“அவள ஏன் பாக்கற? உன்ன இன்னான்னு சொல்லி நான் அழுதேன், அந்தப் பேரச் சொல்லு. இவ்ளோ தூரம் அதக் கேக்கத்தான் வந்தேன்.”

அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தண்ணீர் கொடுக்கப் போனேன், அந்த அம்மாள் கையால் தடுத்தார். மறுபடி அசைந்தது.

“இன்னாசி.”

என் வாழ்நாளில் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்டேன். அவர் தன்னுடையது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்ட பெயரில் அந்தக் குரல் இருந்ததில்லை.

“இன்னொரு தபா.”

“இன்னாசி… மதலேன், நான்…”

“போதும்.” திரும்பிவிட்டார். “வேற எதுவும் சொல்லாத. சொன்னா நான் கேட்டுடுவேன்.”

சமையலறைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். தம்ளரை அடியில் நான் தாங்கிக்கொண்டேன். அடுப்பு மேலே மாட்டியிருக்கும் அம்மா படத்தைப் பார்த்தார்.

“இவள நல்லா வெச்சிகினாரா?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். “வெச்சிக்கிட்டாரு பெரியம்மா” என்றேன். அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

“எனக்கும் அவரு நல்ல மனுஷன்தான்,” என்றார். “நானும் நல்லா இருந்திருப்பேன்.”

காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவரைக் காரில் ஏற்றிய பிறகு பாஸ்கல் என்ன நினைத்தாரோ, ஷூவைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார். அடிக்கப் போகிறாரோ என்று பின்னாலேயே ஓடினேன். அப்பா களைத்துக் கண்ணை மூடிக் கிடந்தார். மூக்கிலிருந்து குழாய் நழுவிக் கன்னத்தில் காற்று விட்டுக்கொண்டிருந்தது. பாஸ்கல் சற்று நேரம் நின்று பார்த்தார். குனிந்து குழாயை எடுத்து மூக்கில் சரியாகப் பொருத்தினார். காதுக்குப் பின்னால் வளைத்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

5 நவம்பர், திங்கள்

காலையில் அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் பரவாயில்லை. கஞ்சி குடித்தார்.

“நேத்து கொழாய மாட்டினது யாரு? உன் கையில்ல அது.”

“உங்க பையன்.”

கஞ்சிக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

“நான் தூங்கினேனா?”

“கண்ண மூடியிருந்தீங்க.”

“ஒசரமா?”

“ஆமாப்பா. நம்ம வாசப்படியில குனிஞ்சுதான் வந்தாரு.”

கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. தடவிக்கொடுக்கக் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன்.